மலையில் யாரும் கூண்டு ஏற்றுவதில்லை

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் மலை கிடையாது. ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். பேர்தான் பர்வதம். உண்மையில் அது ஒரு மணல்மேடு, அதன்மேல் ஒரு மண்டபம், மண்டபத்துக்குள் ராமர் பாதம். தீவிலேயே உயரமான இடம் அதுதான். வெளியூர்க்காரர்கள் படியேறி முடித்ததும் “இவ்வளவுதானா?” என்று கேட்பார்கள். வாசலுக்கும் கடலுக்கும் நடுவே ஆள் உயர மேடுகூட இல்லாத ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது பர்வதமாகத்தான் தெரியும்.

அதனாலோ என்னவோ, மலைக்குப் போகிற ஆசை எங்கள் பக்கத்தில் அதிகம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வலையில் மீன் படுவது குறைவு என்பது கடற்கரைக் கணக்கு. நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும் என்பார்கள். அந்த நாட்களில் மண்டபம் ஊரிலிருந்தோ ஏர்வாடிப் பக்கமிருந்தோ ஒரு வேன் கிளம்பும். பெரும்பாலும் சதுரகிரிக்கு, எப்போதாவது கோவைப் பக்கம் வெள்ளியங்கிரிக்கு. இளவட்டங்கள் மட்டும் சேர்ந்தால் கொடைக்கானல், குரங்கணி என்று திட்டம் போடுவார்கள். எல்லாமே காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிற ஒருநாள் நடை என்ற நினைப்பில்தான்.

பல வருடமாக இந்த வேனில் நானும் ஓர் ஆள். போகும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். கடலுக்குப் போகுமுன் எங்கள் ஆட்கள் செய்கிற விசாரணை கொஞ்சநஞ்சமல்ல. காற்று கச்சானா வாடையா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, நேற்று போய்வந்தவன் என்ன சொன்னான், பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா, எத்தனையாம் எண் என்று எல்லாம் கேட்பார்கள். ஒன்றாம் எண் கூண்டு என்றால் தொலைவில் எங்கோ தாழ்வுநிலை உருவாகியிருக்கிறது, மூன்று என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம் என்று பத்து வயதுப் பையனும் சொல்வான். விசைப்படகு என்றால் மீன்வளத்துறை டோக்கன் கொடுத்தால்தான் கிளம்ப முடியும். எச்சரிக்கை வந்துவிட்டால் டோக்கன் நின்றுவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததைப் பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் இன்றைக்குப் படகோட்டுகிறார்கள். கடலை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று படகு வைத்திருக்கிற எந்தச் சம்மாட்டியும் சொல்ல மாட்டார்.

அதே சம்மாட்டி மலைக்கு வேன் பிடிக்கும்போது கேட்கிற ஒரே கேள்வி, “எத்தனை கிலோமீட்டர் ஏறணும்?”

மலைப்பாதையைப் பற்றி இருக்கிற எண்களிலேயே மிகக் குறைவாகப் பயன்படுவது இந்தக் கிலோமீட்டர்தான். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவையில் அதைச் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இந்தக் கணக்கில் இரண்டே முக்கால் மணி நேரம் வரும். தூரத்துக்கு ஆகும் நேரத்தைவிட ஏற்றத்துக்கு ஆகும் நேரம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். அதுவும் பழக்கப்பட்ட கால், நல்ல பாதை, ஸ்காட்லாந்துக் குளிர் எல்லாம் சேர்ந்தால் வருகிற நேரம். நடுவில் உட்காரும் நேரம் இதில் கிடையாது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்கிற நம் வெயிலில், ராத்திரி முழுக்க வேனில் குலுங்கி வந்த உடம்போடு, பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஏறினால் அந்தக் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்வதுதான் என் வழக்கம். இதுவரை அது ஏமாற்றியதில்லை.

ராத்திரி வேன் என்பதும் பாதையின் ஒரு பகுதிதான். எங்கள் ஊரிலிருந்து பரமக்குடி, அருப்புக்கோட்டை வழியாக வத்திராயிருப்புப் பக்கம் போய்ச் சேர நாலைந்து மணி நேரம் ஆகும். நடுராத்திரி ஏறினால் விடிவதற்குள் சதுரகிரி அடிவாரத்துத் தாணிப்பாறையில் இறங்கலாம். யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். தூக்கமில்லாத கால் எங்கே வைக்கிறோம் என்று பார்க்காது. முதல் வருடம் நான் விழுந்தது ஒரு சமதளத்தில்.

சரி, பாதைக்கு வருவோம். சதுரகிரியையே எடுத்துக்கொள்கிறேன், எங்களுக்கு அதுதான் பழக்கம். அடிவாரமான தாணிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மேலே சுந்தரமகாலிங்கம் கோவில் மதுரை மாவட்டத்தில். நடுவில் உள்ள காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அதனால் கேட்டைத் திறப்பதும் மூடுவதும் வனத்துறை கையில். எந்தெந்த நாளில் விடுவார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நெடுங்காலம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள்தான். காலையில்தான் ஏற விடுவார்கள், ராத்திரி மேலே தங்க முடியாது, மழை என்றால் கேட் மூடிவிடும்.

இந்தப் பாதையில் வரும் இடங்களின் பெயரைக் கேட்டாலே பாதை எப்படிப்பட்டது என்று புரியும். மாங்கனி ஓடை, வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை. ஒன்று தண்ணீர், ஒன்று வழுக்கல், ஒன்றில் பிடித்துக்கொண்டு போகச் சங்கிலி. பேர் வைத்தவர்கள் பக்தியில் வைக்கவில்லை, நடந்துபோகிறவனுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். நாம்தான் அதைத் தலபுராணம் மாதிரி வாசித்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

ஒரு மலைப்பாதை ஒரே நாளில் நல்ல பாதையாகவும் கெட்ட பாதையாகவும் இருக்க முடியும் என்பதற்கு முக்கியமான காரணம் ஓடைகள். சமவெளி ஆற்றில் வெள்ளம் வர நாள் கணக்கில் ஆகும். வைகையில் தண்ணீர் திறந்தால் அது எங்கள் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்துசேர எத்தனை நாள் காத்திருக்கிறோம்! மலை ஓடை அப்படியில்லை. அதற்கு நீர் சேர்கிற பரப்பு சின்னது, சரிவு செங்குத்து, அடியில் பாறை. விழுகிற மழையை உறிஞ்ச ஆழமான மண் இல்லாததால் மொத்தமும் ஒரே பள்ளத்துக்கு ஓடி வரும். முகட்டில் அரை மணி நேரம் கொட்டினால் போதும், கணுக்காலை நனைத்துத் தாண்டிய ஓடை இடுப்புக்கு வந்துவிடும். மழை நின்றால் சில மணி நேரத்தில் வடியவும் செய்யும். நாம் நிற்கிற இடத்தில் ஒரு தூறல்கூட விழுந்திருக்க வேண்டியதில்லை.

2015 மே மாதத்தில் சதுரகிரியில் நடந்தது இதுதான். கோடைக்காலம், அமாவாசைக் கூட்டம், திடீரென்று காட்டாற்று வெள்ளம். பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்கள். கோடையில் மலைக்குப் போனால் மழைப் பயமில்லை என்று நம்மில் பாதிப் பேர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் கோடைமழையும் வடகிழக்குப் பருவமழையும்தான் பலமாக அடிக்கும். காலையில் வெயில் மலைச்சரிவைச் சூடாக்கும், சூடான காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும், மதியத்துக்குமேல் முகட்டில் மேகம் கட்டி இடியோடு கொட்டும். ஏப்ரல், மே மாதங்களில் பல நாள் இதே கதைதான். மலைக்காரர்கள் விடியற்காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கு என்று சொல்வது வெயிலுக்காக மட்டும் இல்லை.

இதில் எங்கள் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. கிளம்புமுன் அண்ணாந்து பார்ப்பார்கள். ராமநாதபுரத்து வானம் வருடத்தில் முக்கால்வாசி நாள் வெறும் நீலம். கைப்பேசியில் வானிலை பார்த்தாலும் நம் ஊருக்கான வானிலைதான் முதலில் வந்து நிற்கும். பார்க்க வேண்டியது மலை இருக்கிற மாவட்டத்தின் அறிவிப்பை. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் ஆறரை சென்டிமீட்டரைத் தொட்டால்தான் கனமழை. அதற்குக் கீழே மிதமான மழை. ஆனால் அந்த மிதமான மழையில் நாலு சென்டிமீட்டர் ஒரே மணி நேரத்தில் ஓடையின் தலைப்பகுதியில் விழுந்துவிட்டால்? அறிவிப்பு தப்பில்லை, ஓடையும் நிறைந்திருக்கும். மாவட்டம் முழுமைக்கும் நாள் முழுமைக்கும் சொல்கிற வார்த்தை, ஒரு பள்ளத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

ஓடை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, பலருக்கு மேலே போன பிறகுதான் உறைக்கும். ஏறும்போது தாண்டிய ஓடையை இறங்கும்போதும் தாண்டியாக வேண்டும். காலை ஏழு மணிக்கு அது எப்படி இருந்தது என்பதைவிட மதியம் இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்பதுதான் கேள்வி. காலையில் தாண்டும்போதே தண்ணீர் முழங்காலைத் தொட்டது என்றால் நான் அங்கேயே திரும்பிவிடச் சொல்வேன். கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்காகும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடுகிற தண்ணீரில் நல்ல பலசாலியும் நிற்க முடியாது. நீச்சல் தெரியும் என்று எங்கள் பையன்கள் மார்தட்டுவார்கள். கடலில் நீந்துகிறவன் மிதக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடையில் அடித்துப்போகிறவன் வழியில் இருக்கிற ஒவ்வொரு கல்லிலும் மோதிக்கொண்டு போவான்.

வெள்ளம் வருமுன் ஓடை கொஞ்சம் சைகை காட்டும். தெளிந்து ஓடிய தண்ணீர் கலங்கத் தொடங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், சலசலப்பு மாறி அடியில் கல் உருளுகிற சத்தம் கேட்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் கரையேறி உயரமான இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். உட்கார்ந்து காத்திருப்பதுதான் எங்கள் ஆட்களுக்கு வராத கலை. மலையில்தான் வராது. கடலில் காற்று அடங்கட்டும் என்று மூன்று நாள் கரையில் சீட்டாடுவார்கள்.

அடுத்தது பாறை. இங்கே எனக்கு வாத்தியார் எங்கள் சித்தி. பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று பாருக்குப் பாரு முங்கிப் பறிப்பார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு போவார்கள். கடலுக்கடியில் பாறைமேல் கால் வைத்துப் பழகியவர். ஐம்பது வயதுக்கு மேல் முதல்தடவையாக மலைக்கு வந்தார். வழுக்குப் பாறையில் எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தோம். சித்தி நின்று பாறையையே கொஞ்ச நேரம் பார்த்தார். “கருப்பா மினுமினுன்னு இருக்குல்ல, அதுல கால வைக்காத. வெளுத்துச் சொரசொரன்னு தெரியுறதுல வை. அவசரத்துக்குக் கையவும் ஊனிக்க, ஒண்ணும் கொறஞ்சுபோயிர மாட்ட” என்றார். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் போய்விட்டார்.

அவர் சொன்னதில் பாறையின் பாடம் முழுக்க இருக்கிறது. காய்ந்த, சொரசொரப்பான பாறை ரப்பர் அடிப்பாகத்தை நன்றாகப் பிடிக்கும். அந்தச் சொரசொரப்புகளின் மேல் மெல்லிய பாசிப்படலம் படிந்து, அது நனைந்துவிட்டால் எண்ணெய் தடவிய மாதிரி. காலுக்கும் பாறைக்கும் நடுவே அந்தப் படலம் போய்ப் புகுந்துகொள்ளும். தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிற பாதை ஓரங்களில் கருத்த பளபளப்பாகத் தெரிவது அதுதான். மழை நின்று வெயில் வந்துவிட்டாலும் மரநிழலில் இருக்கிற பாறை காய ரொம்ப நேரம் எடுக்கும். அதனால் மழை எப்போது நின்றது என்று மட்டும் கேட்டால் பதில் முழுமையாகக் கிடைக்காது.

மழையே இல்லாமல் வழுக்குகிற கல்லும் உண்டு. பல வருடமாக லட்சக்கணக்கான பாதங்கள் பட்டு மழமழவென்று தேய்ந்த படிகள். எங்கள் கோவில் பிராகாரத்துக் கல்லைப் போலப் பளபளக்கும். படிக்கட்டு என்றால் பத்திரம் என்று நினைப்போம். தேய்ந்த படியைவிட அதன் ஓரத்தில் இருக்கிற கரடுமுரடான கல் பல நேரம் நம்பகமானது. கூட்டம் அதிகமான பாதையில் மண் அரித்துப்போய் வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஈரமான வேர் பாறையைவிட மோசம். அதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும், அதன்மேல் வைக்கக்கூடாது.

காலணியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். கடற்கரையில் போடுகிற ஹவாய்ச் செருப்பு மணலுக்குச் சரி, ஈரக் கல்லில் குதிகால் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் போகும். விரதத்துக்காக வெறுங்காலோடு வருகிறவர்கள் செருப்புக்காரர்களைவிட நன்றாகவே ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சிரமம் பத்து மணிக்கு மேல், பாறை சுட ஆரம்பித்த பிறகு.

மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஏறுவது அவ்வளவு பெரிய விஷயமாக இருப்பதில்லை. கெண்டைக்கால் மணலில் உரம் ஏறியது. மூச்சு வாங்கும், ஏறிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது இறக்கத்தில். வாழ்நாள் முழுக்க இறக்கம் என்று ஒன்றை நடந்தே பார்க்காத கால்கள் இவை. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. சுருங்கி வேலை செய்வதைவிட இப்படி நீண்டு வேலை செய்வதில்தான் தசை அதிகம் சேதமாகும். இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்து நிற்பதற்குக் காரணம் இதுதான். பாதி இறக்கத்திலேயே தொடை நடுங்க ஆரம்பித்தால் அப்புறம் கால் நாம் சொன்ன இடத்தில் போய் நிற்காது. ஏறி முடித்த தைரியத்தில் வேகமாக வேறு இறங்குவோம். எங்கள் குழுவில் கணுக்கால் பிசகியது மூன்று பேருக்கு. மூன்றும் இறங்கும்போது, மூன்றும் அடிவாரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு.

அதற்கு நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குட்டையான அடி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைத்துக்கொள்வது, செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் இறங்குவது, கையில் ஒரு கம்பு. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பது அலங்காரத்துக்கு இல்லை. கிளம்புமுன் கால்நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். ஷூ போட்டு இறங்கும்போது நகம் போய் முன்பக்கம் இடித்து இடித்துக் கன்றிப்போகும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மழைக்கால அட்டையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு, உப்பு எடுத்துப் போங்கள், எங்கள் வாலிநோக்கத்தில் நிறைய விளைகிறது.

ஈரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் காய்ந்த பாதை நல்ல பாதை என்று தோன்றிவிடும். அப்படியும் இல்லை. பங்குனி, சித்திரையில் பாதை முழுக்கச் சருகு. மூடிய சருகுக்குக் கீழே உருட்டுக்கல் இருக்கிறதா பள்ளமா என்று தெரியாது. இறக்கத்தில் காய்ந்த சருகும் சரளையும் சேர்ந்தால் சின்னப் பந்துகளின்மேல் நடப்பது மாதிரி. ஊற்றுகள் வற்றியிருக்கும். போன மாதம் குடித்த இடத்தில் இந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டராவது கையில் இருக்க வேண்டும். தண்ணீருக்குக் குடத்தோடு நின்று பழகிய மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பேன். மேலே குளிர்ந்த காற்று அடிக்கும்போது தாகமே தெரியாது, அதனால் குடிக்க மறந்துபோவோம். வேர்வை மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

காய்ந்த மலையின் பெரிய ஆபத்து நெருப்பு. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் கொழுக்குமலைப் பாதையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனியாக விதிகள் கொண்டுவந்தது அரசு. இப்போது வனத்துறையின் மலையேற்றப் பாதைகள் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று மூடப்படுகின்றன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளுக்கும் இது பொருந்தும். “மழை இல்லாத மாசத்துல போகலாம்னா, அப்பத்தான் இவங்க மூடுறாங்க” என்று எங்கள் வேனில் ஒவ்வொரு வருடமும் ஒருவர் முனகுவார். தீ எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் முனக மாட்டார். சமதளத்தில் காற்று தள்ளுகிற பக்கம் தீ போகும். சரிவில் அதற்குக் காற்றுகூட வேண்டாம். கீழே எரிகிற தழலின் சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கிற கணக்கு. செங்குத்தான புல்வெளியில் ஏறி ஓடுகிறவன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் தீ அவனை முந்திவிடும். சூடத்தையும் பீடியையும் அடிவாரத்தில் வாங்கி வைத்துக்கொள்வது வெறும் சம்பிரதாயம் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று. தனுஷ்கோடியில் சூரியன் மறைகிற கடைசி நிமிடம்வரை வெளிச்சம் இருக்கும், மறைக்க ஒன்றுமில்லை. சதுரகிரி மாதிரி கிழக்குப் பார்த்த சரிவில் முகட்டுக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிடும். காட்டுக்குள் நாலரை, ஐந்து மணிக்கே மங்கிவிடும். எங்கள் கண்ணும் கணக்கும் கடற்கரைக்குப் பழகியவை, இன்னும் நேரம் இருக்கிறது என்றே தோன்றும். யானையும் காட்டுமாடும் பாதைக்கு வருகிற நேரமும் அதுதான். ஆளுக்கொரு டார்ச் என்றால் இருபது ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள் சிரிப்பார்கள். கைப்பேசி டார்ச்சை நம்பி ஒரு தடவை இறங்கினோம். பாதி வழியில் நாலு கைப்பேசி செத்துவிட்டது. குளிரும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். வேர்த்து நனைந்த சட்டையோடு காற்றில் உட்கார்ந்தால் வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில் பல் கிட்டும்.

இத்தனையையும் ஒருவர் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். மலையின் உயரமும் தூரமும் மாறுவதில்லை, அதனால் அவை எங்கே தேடினாலும் கிடைக்கும். ஓடையின் ஆழம், பாறையின் ஈரம், ஊற்றில் தண்ணீர், நேற்று யானை நின்ற இடம் இதெல்லாம் நாளுக்கு நாள் மாறுகிறவை. இன்றைக்குக் காலையில் அந்தப் பாதையில் நடந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். கடலிலும் அப்படித்தானே! அதனால்தான் கரைக்கு வருகிற படகை மறித்து, மீன் விலை கேட்குமுன் “நீரோட்டம் எப்படி?” என்று கேட்கிறார்கள்.

மலையில் துறைமுகம் இல்லை, கூண்டு ஏற்ற ஆளில்லை. கேட்டில் நிற்கிற வனக்காவலர்தான் அங்கே கூண்டு. அவர் மூடிவிட்டால் கெஞ்சக்கூடாது. எங்கள் குழு ஒருதடவை கெஞ்சியிருக்கிறது, ‘நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கோம் சார்’ என்று. அவர் அசையவில்லை. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் பேப்பரில் ஓடையில் நீர்வரத்து என்று ஒரு பத்திச் செய்தி படித்தபோது எரிச்சல் போய்விட்டது. இப்படித் திறக்கிறவர்களும் மூடுகிறவர்களும் தங்களுக்குத் தெரிந்ததை முதல்நாளே ஒரு பலகையிலோ கைப்பேசியிலோ சொல்லிவிட்டால் பாதி வேன்கள் கிளம்பவே கிளம்பாது. திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் ஓடை எப்படி, ஊற்று எப்படி என்று இரண்டு வரி போதும்.

அதுவரைக்கும் நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அடிவாரத்தில் ஒரு டீக்கடை. இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் உட்காருகிற பெஞ்சு அது. கடைக்கார அண்ணன் மலையேறி வருடக்கணக்காகிறது, ஆனால் பாதையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வருகிறவர்களின் காலைப் பார்ப்பார். வேட்டி முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தால் ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. பின்பக்கம் சேறு என்றால் வழுக்கல் அதிகம். காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முதலில் தண்ணீர் கேட்டால் மேலே ஊற்று வற்றிவிட்டது. எங்கள் சம்மாட்டி அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். வேன் பேசுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு ஒரு போன்.

“அண்ணே, இன்னைக்கு இறங்குனவுக கால் எப்படி?”

போன ஐப்பசியில் அவர் சொன்ன பதில் இரண்டே வார்த்தை, “தொடை வரைக்கும்.” சம்மாட்டி போனை வைத்துவிட்டு வேன்காரருக்கு அடித்து வேண்டாம் என்று சொன்னார். முன்பணம் ஐந்நூறு ரூபாய் போயிற்று, அதைப் பற்றி அவர் மனைவி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். டீக்கடை நம்பரை அவர் கைப்பேசியில் எந்தப் பேரில் பதிந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தேன். ‘மலைக்கூண்டு’ என்று இருந்தது.